பித்தளைத் தூக்கில் எலுமிச்சைத் தண்ணீர்

சோலையம்மாள் என் கூடப்பிறந்த அக்கா; நானும் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். மதுரை வில்லாபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறாள். நாள் முழுக்க எவர்சில்வர் தட்டும் அலுமினிய அண்டாவும் தேய்க்கிறவளுக்கு, வெளியூர் போனாலும் பாத்திரம்தான் கண்ணில் படும். அதுவும் பழையதாக இருக்க வேண்டும். நெளிந்த காபி ஃபில்டர், எனாமல் உதிர்ந்த குவளை, காது உடைந்த பணியாரச் சட்டி. பழனிக்குப் போனாலும் திருச்செந்தூர் போனாலும், சாமி கும்பிட்ட கையோடு பழைய சாமான் கடை எங்கே என்று விசாரிப்பாள். வாங்கியதை எதற்கும் புழங்க மாட்டாள். துலக்கி அலமாரியில் வைத்து, நின்று பார்ப்பாள்.

போன கோடையில் பிள்ளையார்பட்டிக்குக் காரில் போனோம். அவள் மருமகள் ஆர்த்திகாவுக்கு அப்போது ஐந்தாம் மாசம். அதற்கு முன்னால் ஒன்று தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவை அக்கா அவளை ஒரு குடம் தண்ணீர் தூக்க விடவில்லை.

கும்பிட்டு முடித்ததும் காரைக்குடிக்கு விடச் சொன்னாள். வண்டி ஓட்டிய மகன் முத்துப்பாண்டி சலித்துக்கொண்டான்.

"யம்மா, வீட்ல படுக்க எடமில்ல. இன்னும் ரெண்டு சட்டி வாங்குனீன்னா நான் தெருவுலதேன் படுக்கணும்."

"படு. கொசுவத்தி வாங்கித் தாரேன்."

பழைய சாமான் கடைகள் இருக்கும் தெருவில் ஒரு பித்தளைத் தூக்கைப் பிடித்துக்கொண்டாள். மூடி கச்சிதமாக உட்கார்ந்தது. கைப்பிடியில் கொடி வேலை.

"என்னண்ணே, உள்ள தங்கமா வச்சிருக்கீக, இம்புட்டு வெல சொல்றீக?"

"தங்கம் இருந்தா நான் ஏன்த்தா இந்த வெயில்ல ஒக்காந்திருக்கேன்?" என்றார் கடைக்காரர்.

வெளியே சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். உள்ளே பார்க்காமலே வாங்கிவிட்டாள்.

திரும்பும்போது ஆர்த்திகா புளிப்பாக ஏதாவது குடிக்கக் கேட்டாள். கொண்டுபோன செம்பைக் கோயிலிலேயே விட்டுவிட்டோம். அக்கா அவசரத்தில் உள்ளே பார்க்காமலே தூக்கை அலசி, வழியில் வாங்கிய எலுமிச்சம்பழங்களைப் பிழிந்து, உப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ஆர்த்திகா அவ்வப்போது வாங்கிக் குடித்தாள். வெயிலில் கார் கொதித்தது.

மேலூர் நெருங்கும்போது, "அத்தே, வாயி ஒரு மாதிரி இருக்கு. காச நக்குன மாதிரி" என்றாள்.

அக்கா மூடியைத் திறந்தாள். மிச்சத்தை ஜன்னல் வழியே ஊற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். புளிப்பு பட்டு விஷமாகாமல் இருக்கப் பூசும் ஈயம் அடியில் துளிகூட இல்லை. பித்தளை தெரிந்தது, ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு. அவள் முகத்தைத்தான் நான் பார்த்தேன். ரத்தம் வற்றிவிட்டது.

"வண்டிய நிப்பாட்றா."

நிறுத்துவதற்குள் ஆர்த்திகா வாந்தி எடுத்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் மறுபடியும் எடுத்தாள். முத்துப்பாண்டி இறங்கி வந்து தூக்கையும் பார்த்தான், அம்மாவையும் பார்த்தான்.

"என்னத்தக் குடுத்த?"

அக்கா தூக்கை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். முத்துப்பாண்டி நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டான். வழியெல்லாம் ஆர்த்திகா முனகிக்கொண்டே வந்தாள்.

டாக்டரம்மா தூக்கைக் கேட்டு வாங்கி உள்ளே பார்த்தார். ஆர்த்திகாவுக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அக்கா சுவரோடு ஒட்டி நின்றாள். உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாந்தி எடுத்தது நல்லதாப் போச்சு. குழந்தையோட இதயத் துடிப்பு கேக்குது. ஸ்கேன்லயும் பாத்துருவோம்" என்றார் டாக்டரம்மா.

ஸ்கேனிலும் குறை தெரியவில்லை. அக்கா நம்பவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு காலையில் எழுந்ததும் கேட்பாள், "பிள்ள அசஞ்சுச்சா?"

"இன்னும் இல்லத்தே. கொஞ்ச நாளாகுமாம்."

அதோடு அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. மருமகளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட அவள் கையால் கொடுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கொடுக்கச் சொல்வாள். முத்துப்பாண்டி அம்மாவோடு பேசுவதே இல்லை.

ஒரு மத்தியானம் ஆர்த்திகா அடுப்படிக்கு வந்து நின்றாள். "அத்தே, இங்க வாங்க. கைய வைங்க."

அக்கா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நான் வேணாம்த்தா. ஓம் புருசனக் கூப்புடு" என்றாள்.

ஆர்த்திகா கேட்கவில்லை. அந்தக் கையை இழுத்துத் தன் வயிற்றில் அழுத்தி வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அக்கா கையை எடுக்கப் பார்த்தாள். அதற்குள் உள்ளே ஏதோ முட்டியிருக்க வேண்டும்.

"அய்யோ" என்றாள் அக்கா. கையை எடுக்கவில்லை.