கிச்சன் என்று எழுதிய பெட்டி

பாத்திரத்தைக் காதுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து, விரல் முட்டியால் அதன் அடியில் இரண்டு தட்டுத் தட்டுகிறார் சுதா. கணீரென்று சத்தம் வந்தால் அவருக்குப் பிடிக்காது. கனமான அடி மந்தமாகத்தான் ஒலிக்கும் என்பது அவர் கட்சி. "இது பாட்டுப் பாடுது. வேணாம், சோறு அடிப்பிடிக்கும்" என்று அதை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு, எதிரே நிற்கும் இளம் தம்பதியைப் பார்த்துக் கேட்கிறார்: "எத்தன மாசம் இருப்பீங்க?"

சென்னையிலிருந்து வேலைக்கு வந்து நான்கு நாள்தான் ஆகிறது அவர்களுக்கு. இரண்டு வருடம் என்கிறான் கணவன். எந்த அடுப்பு என்பது அடுத்த கேள்வி. தெரியவில்லை. "வீட்டுக்காரருக்கு போன் போட்டுக் கேளுங்க, நான் நிக்கிறேன்." அவன் பேசி முடிப்பதற்குள், அந்தப் பெண் தேர்ந்தெடுத்து வைத்திருந்த ஐந்து லிட்டர் குக்கரை எடுத்து ஓரம் வைத்துவிடுகிறார். "ரெண்டு பேருக்கு மூணு லிட்டர் போதும் லா. அஞ்சு லிட்டர் வாங்கினா திங்கக்கிழமை வச்ச சாம்பார வியாழன் வரைக்கும் சாப்பிடணும்."

தேக்கா சந்தைக்கு எதிர்ப்புறச் சந்தில் இருக்கும் அந்தப் பாத்திரக் கடையில் சுதாவுக்குப் பதினேழு வருடம். வயது ஐம்பத்து மூன்று. பருத்திச் சட்டை, ரப்பர் செருப்பு, கழுத்தில் ஒரு நாடா. நாடாவில் அடையாள அட்டைக்குப் பதில் ஒரு காந்தத் துண்டு. இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஆகுமா என்று கேட்பவர்களுக்கு அவர் வாயால் பதில் சொல்வதில்லை. காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் ஒட்டிக் காட்டுவார், அல்லது அது ஒட்டாமல் விழுவதைக் காட்டுவார்.

'செட்' என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுருங்கிவிடும். "செட்டா வாங்காதீங்க. அதுல பாதி உங்களுக்குன்னு செஞ்சதில்ல." கடை உரிமையாளர் இப்ராஹீம், வாடிக்கையாளர்கள் முன்னாலேயே சலித்துக்கொள்வார்: "இந்த அம்மாவ வச்சுக்கிட்டு யாவாரம் பண்றது, ஓட்டப் பானையில தண்ணி சேக்கிற மாதிரி." ஆனால் வேண்டாம் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள்தான் அடுத்த மாதம் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். நானும் அப்படி வந்தவள்தான். குக்கருக்குப் புது கேஸ்கெட் வாங்கப் போன என்னிடம், பழையதைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டுப் பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. அந்த கேஸ்கெட் அதற்குப் பிறகும் ஒரு வருடம் உழைத்தது.

விற்பதைவிடக் கட்டித் தருவதில்தான் அவருக்கு இஷ்டம். வீடு மாறுகிறவர்கள் கடையின் அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வந்தால், எப்படிக் கட்டுவது என்று பாடமே நடத்திவிடுவார். தட்டைப் படுக்க வைத்தால் உடையும், நிற்க வைத்தால் உடையாது. கரண்டிகள் குக்கருக்குள்ளே. மிக்ஸி பிளேடைக் கழற்றிக் கைத்துண்டில் சுற்ற வேண்டும். செய்தித்தாள் ஆகாது, மை ஒட்டும். பழைய டீ‌சட்டைதான் நல்லது. எண்ணெய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போகவே கூடாது. கடைசியில் தடித்த மார்க்கர் பேனாவால், யாருடையது, எந்த அறைக்கு, மேலே எது இருக்கிறது என்று பெட்டியின் மூன்று பக்கமும் எழுதித் தருவார். "லாரிக்காரங்களுக்கு உங்க மனசு தெரியாது. எழுதினாத்தான் தெரியும்."

போன வருடம் ஒரு மதியம், பிரியாணிக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தபோது, ஊறுகாயைக் கேட்கிற குரலிலேயே சொன்னார்: "நானும் வாடகை வீட்டுக்குப் போறேன் மா. மூணு வருஷம்."

அவரும் கணவர் ரமணனும் பிரிகிறார்கள். இருபத்தேழு வருட மணவாழ்க்கை. ரமணன் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். பாதி வாழ்க்கை இரவு ஷிஃப்ட். மகள் திவ்யதர்ஷினி மெல்பர்னில் வேலை பார்க்கிறாள். நான் காரணம் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். "அவர் கெட்டவர் இல்ல. சண்டை போட்டிருந்தா உங்ககிட்ட சொல்ல ஒரு கதையாவது இருக்கும். அவர் வரும்போது நான் தூங்குவேன், நான் கிளம்பும்போது அவர் தூங்குவார். பொண்ணு போனப்புறம் வீட்ல பேச்சுன்னா டிவிதான்." ஃபேரர் பார்க் நாலறை வீட்டை விற்றுவிட்டார்கள். சுதா தனியாக, அரசு கட்டித் தரும் ஓர் ஈரறை வீட்டுக்குப் பதிந்திருந்தார். சாவி கிடைக்க மூன்று வருடம் ஆகும். அதுவரை செங்காங்கில் ஓர் அறை. ரமணனுக்கு யீஷூனில் ஓர் அறை.

செங்காங் வீட்டுக்காரி பெயர் ரபியா, எழுபதை நெருங்கும் விதவை. வாடகை விளம்பரத்தில் 'லைட் குக்கிங் மட்டும்' என்று போட்டிருந்தது. சமையலறையில் ஓர் அலமாரி தருவதாகச் சொன்னார். சுதா அளவுநாடாவோடு போய் அதை அளந்துவிட்டு வந்தார். பெரிய பெட்டி ஒன்று, அவ்வளவுதான் கொள்ளும்.

வீட்டைக் காலி செய்வதற்கு முந்தைய சனிக்கிழமை நானும் உதவிக்குப் போயிருந்தேன். கூடத்துத் தரை முழுக்கப் பாத்திரங்கள். ரமணன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான, அடிக்கடி கண்ணாடியைத் துடைக்கிற மனிதர். இருபத்தேழு வருடத்தில் அந்தச் சமையலறையில் அவர் திறந்த ஒரே கதவு குளிர்பதனப் பெட்டியுடையதுதான் என்று சுதா என்னிடம் சொல்லியிருக்கிறார்.

சுதா நிமிராமலே கேட்டார். "எத்தன மாசம்?"

"தெரியல. மொதல்ல ஒரு வருஷம் எழுதியிருக்கு."

"எந்த அடுப்பு?"

"கேஸ். ரெண்டு பர்னர், நாலு பேரு."

"என்ன செய்வீங்க?"

அவர் யோசித்தார். "சோறு வைக்கணும். முட்டை. வெளியில வாங்கி வந்தா சூடு பண்ணணும்."

அதற்கேற்ப ஒரு பெட்டி கட்டினார் சுதா. சின்ன ரைஸ் குக்கர், ஒரு கைப்பிடிப் பாத்திரம், தட்டையான பான் ஒன்று, இரண்டு தட்டு, கத்தி. கடைக்கு வருகிற எந்தத் தனியாளுக்கும் செய்வதைப் போலத்தான் செய்தார், கூடுதலுமில்லை, குறைவுமில்லை. ஒரு காகிதத்தில் ஏதோ எழுதி ரைஸ் குக்கருக்குள் வைத்து மூடினார். பிறகு தனக்கான பெட்டி. அதற்குள் இரும்பு வாணலி, இட்லிச் சட்டி, மிக்ஸி, தாளிப்புக் கரண்டி, அஞ்சறைப் பெட்டி, இன்னும் என்னென்னவோ போயின. இரண்டும் ஒரே அளவு, கடையிலிருந்து கொண்டுவந்த ஒரே மாதிரிப் பெட்டிகள். மார்க்கரை எடுத்தார். 'கிச்சன்' என்று ஒன்றில் எழுதினார். மற்றதிலும் 'கிச்சன்' என்றே எழுதினார். பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"பேரு?" என்றேன்.

"லாரி ஒண்ணுதானே. நானே சொல்லிக்கிறேன்" என்று மூடிவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம், கடையில் ஒரு மாற்றத்தை மட்டும் கவனித்தேன். நான் பார்த்த நாளிலிருந்து எவர்சில்வர் டிபன் பாக்ஸில் மதியச் சாப்பாடு கொண்டுவந்தவர், இப்போது தினமும் காகிதப் பொட்டலம் வாங்கினார். வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் அறிவுரை மட்டும் குறையவில்லை. "வாடகை வீடுன்னு வெளிய சாப்பிடாதீங்க. மொத நாளே ஒரு ரசமாவது வைங்க, அப்பத்தான் வீடு உங்களுக்குப் பழகும்" என்று ஒரு மாணவியிடம் சொல்லிக்கொண்டே, மேசைக்குக் கீழே பொட்டலத்தைப் பிரித்தார். செங்காங் சமையலறை எப்படி என்று கேட்டால், "ஒரு அலமாரிதானே, பாத்துக்கலாம்" என்பார்.

பெட்டியை அவர் திறக்கவே இல்லை. இது எனக்குத் தெரியவந்தது ஒரு ஞாயிறு காலை, செங்காங்குக்கு நான் முதல்முறை போனபோது. ரபியா அறை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"சுதா, நேத்தே சொன்னேன். கட்டிலுக்கு அடியில அட்டைப்பெட்டி வச்சா கரப்பான் வந்து குடும்பம் நடத்தும் லா. திறங்க, இல்ல தூக்கிப் போடுங்க. ரெண்டு மாசமா அலமாரி சும்மா கெடக்கு."

"லைட் குக்கிங்னு போட்டிருந்தீங்களே, அக்கா."

"அது ஏஜெண்ட் போட்டது. நான் நண்டு சமைக்கிறேன், நீங்க தோசை சுட்டா என்ன? பன்றி மட்டும் நம்ம வீட்ல வேணாம், மத்தது உங்க இஷ்டம்."

சாக்குப்போக்கு தீர்ந்துவிட்டது. சுதா குனிந்து, லாரிக்காரர்கள் வைத்துவிட்டுப் போன இடத்திலிருந்து பெட்டியை இழுத்தார். அது லேசாக வந்தது. வந்த வேகத்திலேயே அவர் முகம் மாறியது. டேப்பைக் கிழித்தார். உள்ளே சின்ன ரைஸ் குக்கர், இரண்டு தட்டு, ஒரு கத்தி. குக்கரைத் திறந்தார். அவர் எழுதிய காகிதம், அவர் கையெழுத்திலேயே அவரைப் பார்த்தது.

'அரிசி ஒரு கப். மூணு தடவை கழுவுங்க. தண்ணி 1 கோடு வரைக்கும். பட்டனைத் தட்டிட்டு மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீங்க.'

"யாருக்கு எழுதுனது?" என்றார் ரபியா.

"இந்தப் பெட்டி எனக்கு இல்ல அக்கா. மாறி வந்துடுச்சு."

ரபியா என்னைப் பார்த்தார். பிறகு, அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

சுதா கட்டிலில் உட்கார்ந்து கைபேசியை எடுத்தார். பிரிந்த பிறகு அவரே அழைப்பது அதுதான் முதல் தடவை. கையில் காகிதம் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"திவ்யா அப்பா, பெட்டி மாறிப்போச்சு. உங்களோடது என்கிட்ட இருக்கு. இப்பத்தான் திறந்தேன்."

"மாறிப்போச்சா?" என்றார் ரமணன்.

"லாரிக்காரங்க மாத்திட்டாங்க. நீங்க ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நீ வேணும்னேதான் அனுப்புனேன்னு நெனச்சேன்." இருமினார். "வாணலி, இட்லிச் சட்டி எல்லாம் நல்ல சாமானா இருந்துச்சா... எனக்குன்னு குடுத்திருக்கேன்னு நெனச்சேன். சரி. இப்பவே கொண்டுவந்து தர்றேன்."

சுதா பதில் சொல்வதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

ஒன்றரை மணி நேரத்தில் ரமணன் அந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்றார், தள்ளுவண்டியில் பெட்டியோடு. மேலே வர வேண்டாம் என்று சுதா சொல்லிவிட்டதால், ரைஸ் குக்கர் பெட்டியை நாங்கள் கீழே கொண்டுபோனோம். கல் மேசையில் இரண்டு பெட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில். ரமணன் சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். தன் பெட்டியிலிருந்த காகிதத்தை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"ஒரு கோடா? நான் விரல் கணக்குல வச்சிட்டிருந்தேன். குக்கர் இல்லல்ல, இட்லிச் சட்டியிலதான் சோறு வடிச்சேன்."

சுதா சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது. வாணலியை வெளியே எடுத்தார். பளபளவென்று தேய்த்திருந்தது, நடுவில் துருப் புள்ளிகள். "சோப்பு போட்டீங்களா?"

"கறுப்பா இருந்துச்சு. அழுக்குன்னு நெனச்சு மூணு நாள் தேச்சேன்."

"அது அழுக்கில்ல. பத்து வருஷத்து எண்ண."

"ஓ" என்றார் அவர். பிறகு, தான் என்னென்ன செய்யக் கற்றுக்கொண்டார் என்று சொல்லத் தொடங்கினார். கேட்கப்படாமலே சொன்னார். புளிக்குழம்பு வைக்கிறாராம், காரம் கூடிவிடுகிறதாம். கடுகு முகத்தில் தெறிக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை கடை மாவு வாங்கி இட்லி ஊற்றுகிறாராம். கூட இருக்கிற மூன்று பேரும் தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார்களாம். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. சுதாவும் கேட்டதில்லை போலிருந்தது. கல் இருக்கையில் உட்கார்ந்து, தடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடுகு போட்டதும் மூடியச் சாய்ச்சுப் பிடிங்க" என்று மட்டும் ஒரு முறை சொன்னார்.

"இட்லிச் சட்டிய மட்டும் நான் வச்சுக்கவா? வேணும்னா வேற வாங்கிக்கிறேன், பரவால்ல."

"வச்சுக்கோங்க."

அதை எடுத்துத் தன் பெட்டிக்குள் வைக்க ரமணன் கையை நீட்டியபோது, சட்டைக் கை மேலேறியது. மணிக்கட்டுக்கு மேல் ஆவி பட்ட தழும்புகள். ஒன்று பழசு, ஒன்று இன்னும் சிவப்பாக. சுதா அதைப் பார்த்தார். தன் பெட்டிக்குள் கைவிட்டு அடிவரை துழாவினார். சூடான பாத்திரம் பிடிக்கிற இரண்டு தடித்த துணிகள், அவர் மடித்து வைத்த மடிப்புக் கலையாமல், அடியிலேயே கிடந்தன. அவற்றை எடுத்து, இட்லிச் சட்டியின் மூடிமேல் எல்லாவற்றுக்கும் முன்னால் கண்ணில் படுகிற மாதிரி விரித்து வைத்துவிட்டு, ரமணனுடைய பெட்டியின் இரண்டு மடல்களையும் அழுத்தி மூடினார்.