குசினிச் சுவரில் ஒரு பித்தளை வாய்

தேத்தண்ணிக் கோப்பையின் வாயளவுதான் இருக்கும். பச்சைக் களிம்பு பிடித்த பித்தளை. பழைய பண்ணை பங்களா ஒன்றின் குசினிச் சுவரில், அடுப்புக்குப் பக்கத்தில், என் காது உயரத்தில் பதித்திருந்தது. நான் மேசன். அஞ்சாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் என்றாலும், ஒரு சுவரைப் பார்த்தால் அதற்குள் என்ன போகிறது என்று ஓரளவு சொல்லிவிடுவேன். இது தண்ணீர்க் குழாய் இல்லை, புகை போகிற வழியும் இல்லை. எனக்குப் பிடிபடவில்லை.

சண்டை முடிந்த அடுத்த வருசம், வயலில் வேளாண்மை வெட்டி முடிந்த கையோடு போன பயணம் அது. கல்முனையிலிருந்து மேற்கே, குளத்தைத் தாண்டி, வெள்ளைக்காரன் காலத்துப் பண்ணை ஒன்று கிடந்தது. சண்டைக் காலத்தில் அந்தப் பக்கம் யாரும் போனதில்லை. பாதை திறந்ததும் ஊர்ச்சனம் வேன் பிடித்துப் பார்க்கப் போனது. மனைவியின் தாயான என் மாமிக்கும் ஆசை வந்துவிட்டது. மாமி, நான், ஒன்பது வயது மகள், எங்கள் குடும்பம் அவ்வளவுதான். என் மனைவியைச் சுனாமியில் கடல் கொண்டுபோய் ஐந்து வருசம் கழிந்திருந்தது.

எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். கடல் அடித்த வீட்டை நானே திரும்பக் கட்டினேன். ஆனாலும் அது மாமியின் வளவு, மாமியின் மண். மனைவி இல்லாத வீட்டில் மருமகன் எந்த முறையில் இருப்பது? நற்பிட்டிமுனையில் இருந்த என் உம்மா, எனக்கு வேறு பெண் பேசத் தொடங்கியிருந்தார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கூச்சக்காரன். மாமியின் காதிலும் அது விழுந்திருக்கும். ஆனால் என்னிடம் கேட்க முடியாது. கலியாணம் முடித்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் நேரே கதைத்ததில்லை, அது மரியாதை. முதலில் மனைவி வழியாக, பிறகு மகள் வழியாக. "வாப்பாவச் சாப்பிட வரட்டாம் எண்டு சொல்லு மகள்" என்பார். நான் மூன்றடி தள்ளித்தான் நிற்பேன்.

மற்றவர்களிடம் மாமிக்கு வாய் ஓயாது. பண்ணையின் காவல்காரர் ஆலையடிவேம்புக்காரர், அன்றைக்கு அகப்பட்டுக்கொண்டார். மாட்டுக் கொட்டில் ஏன் இவ்வளவு நீளம், நெல் அறைக்குச் சன்னல் ஏன் உச்சியில், துரை குளிக்கிற தொட்டிக்குத் தண்ணீர் மாடிக்கு எப்படி ஏறியது.

"உம்மா, ஆமிக்காரனும் என்னட்ட இவ்வளவு கேள்வி கேக்கல்ல" என்றார் அவர் மாமியிடம்.

"அவனுக்கு நீங்க பதில் சொல்லியிருக்க மாட்டீங்க தம்பி. எனக்குச் சொல்லுங்க."

மாமியும் மகளும் அவரோடு மாடிக்கு ஏறினார்கள். நான் குசினியில் அந்தப் பித்தளையைத் தடவிக்கொண்டு நின்றேன். மகள் படியிறங்கி ஓடி வந்தாள். "வாப்பா, மேலயும் இப்படி ஒண்டு இரிக்கி! துரை அதுக்குள்ள கதைச்சா இங்க கேக்குமாம். முதல்ல ரெண்டு தட்டுத் தட்டுவாராம். உம்மம்மா இப்ப என்னோட கதைக்கப் போறா!" அவளுக்குக் குழாய் எட்டவில்லை. ஏறி நிற்க ஏதும் தேடி முற்றத்துக்குப் போனாள். அங்கே ஒரு கன்றுக்குட்டி நின்றது. அதோடு அவள் எல்லாவற்றையும் மறந்துபோனாள்.

டொக், டொக்.

எப்படித்தான் கேட்கும் என்று பார்க்க நான் காதை வைத்தேன்.

"கேக்குதா மகள்?" கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல மாமியின் சிரிப்பு. காவல்காரர் அதற்குள் கீழே இறங்கி, வேறு ஆட்களுக்குப் பண்ணையைக் காட்டப் போயிருந்தார். மாமி குரலைத் தாழ்த்தினார். "உன்ட வாப்பா நம்மள உட்டுட்டுப் போகப்போறாரா மகள்? உனக்கிட்ட ஏதும் சொன்னாரா? எனக்கு அவர்ட்டக் கேக்க ஏலா. இளம் மனுசன், போறதும் ஞாயம்தான். உன்னையும் கூட்டிட்டுப் போயிருவாரோ எண்டுதான்..."

காலையிலிருந்து அத்தனை கேள்வி கேட்ட மனுசி இந்த ஒரு கேள்வியை மட்டும் யாரிடமும் கேட்காமல் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். மகளைக் கூட்டி வந்து அவள் வாயால் பதில் சொல்ல வைக்கலாமா என்று பார்த்தேன், அதுதானே பழக்கம். ஆனால் அவளைக் கூப்பிடவில்லை. பித்தளையில் வாயை வைத்தேன். களிம்பு கசந்தது.

"மாமி, நான்தான்."

மேலே தரைப் பலகை கிறீச்சிட்டது.

"நான் எங்கயும் போகல்ல. புள்ளையும் உங்களோடதான்."

பதிலுக்கு இரண்டு தட்டு மட்டும் கேட்டது.

நான் முற்றத்தில் மகளிடம் போய் நின்றேன். கீழே வந்தபோது மாமி முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டிருந்தார். "வாப்பாவ வெயில்ல நிக்க வேணாமாம் எண்டு சொல்லு" என்றார் மகளிடம். வீட்டிலும் அதே முறைதான். ஆனால் அன்றிலிருந்து தேத்தண்ணி ஆனதும், நான் கட்டிய குசினிச் சுவரில் இரண்டு தட்டுக் கேட்கும். மாமி கண்மூடி மவுத்தாகும் நாள் வரை கேட்டது.

இந்த வருசம் மகளும் மருமகனும் என்னை அதே பண்ணைக்குக் கூட்டிப்போனார்கள். மருமகன் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். என்னோடு பகிடி விட்டுச் சிரித்துக் கதைக்கிற பிள்ளை. பங்களாவுக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். குசினிக் குழாயைக் குளவி மண்ணால் அடைத்திருந்தது. மண்ணை விரலால் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து இரண்டு தட்டு வந்தது.

"வாப்பா, அண்டைக்கு நான் கண்டுக்குட்டி பார்க்கப் போயிட்டன், நீங்கதான் குழாயடியில நிண்டீங்க. உம்மம்மா இதுக்குள்ள என்ன கேட்டா?"

இத்தனை வருசமும் நான் அவளிடம் சொன்னதில்லை. பித்தளையில் வாயை வைத்தேன். அதே கசப்பு.

"உன்னத்தான் மகள் கேட்டா" என்றேன்.