ரங்கூனில் சிரித்த மனிதர்

கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் என் வீட்டுக்காரர் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு மத்தியானத்துக்குக் காணாது. ராயபுரத்தில் சோறு போட்டால் "போதும்", கேள்வி கேட்டால் "உம்". சுபாவமே அப்படி என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். பிறகு ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் ஃபிட்டராகப் போனார். இரண்டு வருஷம் கழித்து என்னையும் கப்பலில் வரவழைத்தார். எனக்குப் பிடித்தால் அங்கேயே குடியிருப்பது, இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஊர் திரும்புவது என்று ஏற்பாடு.

நான் போய் இறங்கிய நாலாம் நாள் மில்லுக்கு லீவு. அடைமழையில் ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப் போனார். டிராமில் பக்கத்தில் இருந்த பர்மாக்காரரிடம் அவர் பாஷையில் ஏதோ சொன்னார். அந்த ஆள் சிரித்தார், இவரும் சிரித்தார். இவருக்கு மேல்வரிசையில் ஒரு பல் கோணல் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

குடைக் கடையில் பேச்சு, புத்தர் கோயில் படிக்கட்டில் பூக்காரியிடம் பேச்சு. நான் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றேன். வயிறு எரிந்தது.

கடைசியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒதுங்கினோம். கடைக்காரி சின்ன வயசுக்காரியாக இருந்திருந்தால் அங்கேயே சண்டை பிடித்திருப்பேன். அவளோ கிழவி. வாயில் சுருட்டு, முன்பல் இரண்டு இல்லை. இவர் கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்ல, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். என்ன கதை என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மே, மில்லு சமாச்சாரம்" என்றார்.

கிழவி எனக்கு மீன் குழம்பு ஊற்றிய சேவை கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதுவே எனக்குப் பொறுக்கவில்லை.

திரும்பும்போது குடைக்குள் கேட்டார்: "இங்கியே இருந்துடலாமா மே? ஊரு நல்லா கீது."

அவர் என்னிடம் ஆசையாக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. சரி என்றால் மனிதர் சந்தோஷமாக இருப்பார், தெரியும். ஆனால் சிரிப்பு ஊருக்கு, "உம்" எனக்கு. ராயபுரத்தில் என்றால் அந்தச் சிரிப்பு யாருக்கும் கிடையாது. அதுவே மேல் என்று தோன்றியது. அப்படி ஒரு புத்தி எனக்கு.

"இந்த மழ எனக்கு ஒத்துக்கல. நெஞ்சு கட்டிக்கினு கீது" என்று சொல்லி, இரண்டு தடவை இருமியும் காட்டினேன். அடுத்த வாரமே கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்.

புறப்படுவதற்கு முதல் நாள் கிழவியிடம் சொல்லிக்கொள்ளப் போனோம். என்னைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, என்னைப் போலவே இருமி, கால்மணி நேரம் அவளிடம் பேசினார். அவள் பரிதாபப்பட்டு என் கையில் ஒரு துண்டு இஞ்சி வைத்தாள்.

பட்டணத்துத் துறைமுகத்தில் இறங்கும் வரைக்கும், இருமல் எப்படி இருக்கிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.