ஃபிரிட்ஜில் மிச்சமிருந்த ஊசி

அந்த முதியோர் இல்லத்துக்குக் குளிர்காலத்துக்கு முன்பே ஃப்ளூ ஊசி வந்துவிடும். நர்சம்மா அறை அறையாகப் போய்க் கெஞ்சுவாள், கொஞ்சுவாள், சிலரிடம் மல்லுக்கட்டுவாள். மாடியும் கீழுமாக ஏறி இறங்கி முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும். வேலை செய்கிறவர்களுக்கான ஊசி மட்டும் ஃபிரிட்ஜிலேயே கிடக்கும். போட்டால் மறுநாள் தோள் கடுக்கும். கடுக்கிற தோளோடு ஆளைக் கட்டிலிலிருந்து எப்படித் தூக்குவது? ஓய்வுநாளுக்கு முந்தின நாள் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். அந்த ஓய்வுநாள் வந்தால்தானே!

இந்த வருஷம் முரண்டு பிடித்தவர் கண்டக்டர். பஸ்ஸை விட்டு இறங்கி எவ்வளவோ காலமாகியும் வாய் ஓயவில்லை. சாப்பாட்டு அறை வாசலில் சக்கர நாற்காலிகள் நெருக்கியடித்தால், "உள்ள போ, உள்ள போ, நடுவுல காலியாத்தான் இருக்கு" என்பார். ஊசி என்றதும் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். போட்டால் காய்ச்சல் வரவே வராது என்று நர்சம்மா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள்.

"நீ போட்டுக்கிட்டியா?" என்று கேட்டார்.

இன்னும் மாடி முழுக்கப் பாக்கி. போட்டாச்சு என்று சொல்லிவிட்டாள். அவரும் நம்பிக் கையை நீட்டினார்.

குளிர் தொடங்கியதும் அவளுக்குத் தொண்டை கரகரத்தது. லீவு போட்டால் ஆயாம்மா ஒருத்தி தனியாக அத்தனை பேரையும் எப்படிப் புரட்டிப் போடுவாள்? மாத்திரையை விழுங்கி, முகமூடியை மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். கண்டக்டரைத் தூக்கும்போது மூச்சு முட்டியது. முகமூடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டாள். அவர் எப்போதும்போல அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

இரண்டொரு நாளில் அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் அவளும் சுருண்டு விழுந்தாள். வீட்டில் போர்த்திக்கொண்டு கிடந்தவளுக்கு உடம்புவலியைவிட, மனுஷன் பிழைப்பாரா என்பதுதான் பெரிய வலியாக இருந்தது.

எழுந்து நடமாட முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் கேட்டாள். இந்த வயதில் எல்லார் உடம்பும் ஊசிக்கு முழுசாக ஈடுகொடுக்காது, ஆனால் ஊசி போடாமல் இருந்திருந்தால் இதைவிட மோசமாகியிருக்கலாம் என்றார் டாக்டர். அவரைத் தொட்டுத் தூக்குகிறவர்கள்தான் முதலில் போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

கண்டக்டர் திரும்பி வந்தார், பாதி ஆளாக. இருமினால் கட்டிலே ஆடியது. சாப்பாட்டு அறை வாசலில் நாற்காலிகள் நெருக்கியடித்தபோதும் வாயைத் திறக்கவில்லை. அவரைத் தலையணையில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தவளின் கையைப் பிடித்தார்.

"என்கிட்டேருந்துதான் உனக்கும் ஒட்டிக்கிச்சாம்மா? உனக்கும் சிரமம் குடுத்துட்டேன். மனசுல வச்சுக்காதே."

அவள் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். பாழும் மனசு கேட்கவில்லை.

"எனக்குத்தான் ஐயா முதல்ல வந்துச்சு. நான் ஊசி போட்டுக்கவே இல்லை. உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவர் கையை விட்டுவிட்டார். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் போர்வையைச் சரிசெய்தாள், தண்ணீரை எட்டும் இடத்தில் வைத்தாள், வேறு வேலை இல்லாமல் மறுபடியும் போர்வையைச் சரிசெய்தாள்.

"போய்ப் போட்டுக்கிட்டு வா" என்றார், சுவரைப் பார்த்தபடியே. "நாளைக்கும் நீதானே என்னைத் தூக்கணும்."