மச்சான் திருப்பி வைத்த கல்

என் மனைவியின் அடுப்பு லைட்டரை மச்சான் உடைத்துப் போட்ட காலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கேஸ் அடுப்பைப் பற்றவைக்க 'டிக், டிக்' என்று அமுக்குவோமே, அந்த லைட்டர். தோசைத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரால் அதைப் பிளந்து, உள்ளேயிருந்து ஒரு சின்ன வெள்ளைத் துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். பார்ப்பதற்குச் சாக்குக்கட்டியின் உடைந்த நுனி மாதிரி இருந்தது. "இதுதான் மாமா கல்லு. அழுத்துனா கரண்டு வரும், பொறி பறக்கும். அதே கல்லுக்கு நாம கரண்டு குடுத்தா வீங்கும், நிப்பாட்டுனா சுருங்கும்" என்றான். "இப்ப ஒங்கக்கா மூஞ்சி வீங்கப் போவுது, அதப் பாரு" என்றேன். அடுப்படியிலிருந்து வந்த என் மனைவி லைட்டரின் கதியைப் பார்த்தாள். தம்பியை ஒரு சொல் சொல்லவில்லை, என்னைத்தான் முறைத்தாள். எங்கள் வீட்டில் நீதி எப்போதும் அப்படித்தான்.

அவன் அவளுக்கு ஒரே தம்பி. கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் சார்ஜ்மேன். மோட்டார், வயர், மெயின் சுவிட்ச் எல்லாம் அவன் பொறுப்பு. நான் கோலா தெர்லாவில் பிளாஸ்டிக் கூரைக்கடியில் தக்காளியும் வெளியே கோஸும் போடுகிறவன். என் லோரி காய்கறியோடு மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கும்போதெல்லாம் அவன் வீட்டு வாசலில் நிற்கும். கல் கதையை அவன் என்னிடம் கொட்டியதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஃபேக்டரியில் சொன்னால் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், ஆனால் திட்டிக்கொண்டே லோரி பேட்டரியைக் கழற்றிக் கொடுப்பேன்.

வெளிநாட்டில் யாரோ சிலர் இதைச் செய்து பார்க்கிறார்கள் என்று போனில் படித்திருந்தான். நிறைய கற்களை அடுக்கி, இரண்டு பக்கமும் உலோகத்தை வைத்து, போல்ட் போட்டு இறுக்கி, வேகமாகக் கரண்டை ஏற்றி இறக்கினால் அந்த அடுக்கு வீங்கிச் சுருங்கும். அப்படி நடக்கும்போது அதன் கனம் ஒரு நொடிக்குள் கொஞ்சம் கூடிக் குறையுமாம். கூடும்போது தள்ளி, குறையும்போது இழுத்தால் அது ஒரு பக்கமாகவே நகரப் பார்க்குமாம். பெட்ரோல் வேண்டாம், டயர் வேண்டாம், மிதித்து எழும்ப ஒரு தரை கூட வேண்டாம். "அப்ப என் லோரிய தாப்பாவுலேருந்து சும்மா மேல ஏத்திருமா?" என்றேன். "லோரியெல்லாம் ஏத்தாது மாமா. ஒரு கொசு ஒக்காந்த கனம் கூடத் தள்ளாது." "அப்புறம் எந்த எழவுக்குடா இது?" அவன் கோபப்படவில்லை. "தள்ளுச்சுன்னு தெரிஞ்சாப் போதும் லா. ஒலகத்துல யாரும் பாக்காதத நான் பாத்திருப்பேன்" என்றான். சொன்னபோது அவன் கண்ணில் இருந்ததை நான் ஆசை என்றுதான் நினைத்தேன். அது அவனைத் தின்னப்போகிற வியாதி என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஃபேக்டரிக்குப் பின்னால், ஒரு காலத்தில் கொழுந்து எடை போட்ட கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. துரையிடம் கேட்டுச் சாவி வாங்கினான். தோட்டத்து மேனேஜரைத் துரை என்பது வாய்ப் பழக்கம்தான். இப்போது இருப்பவர் கிளந்தான் பக்கத்து மலாய்க்காரர், நல்ல மனிதர். மூக்குக் கண்ணாடிக் கடைகளில் கண்ணாடியைத் தண்ணீரில் போட்டு அதிரவைத்துக் கழுவும் பெட்டிகள் உண்டு. அதில் கெட்டுப்போனவற்றை வாங்கி உடைத்துக் கல் சேர்த்தான். பழைய கார் ஒன்றின் பாட்டுப்பெட்டி ஆம்ப்ளிஃபையரைக் கழற்றினான். கிட்டார் கம்பி ஒன்றை விட்டத்தில் கட்டி, ஓர் அலுமினியக் கோலைக் குறுக்காகத் தொங்கவிட்டான். கோலின் ஒரு முனையில் கல் அடுக்கு, மறுமுனையில் அதே எடைக்கு ஈயம், நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடியின் சில்லு. காற்று படாமலிருக்க எல்லாவற்றையும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்தான். சில்லின் மேல் ஒரு லேசர் விளக்கை அடித்தால் எதிர்ச்சுவரில் சிவப்புப் புள்ளி விழும். கோல் மயிரிழை திரும்பினாலும் புள்ளி விரற்கடை நகரும். கரண்டு ஏறும்போது எங்கள் காதுக்கு ஒரு சத்தமும் கேட்காது. கொட்டகை ஓரம் படுத்திருக்கும் நாய்கள் மட்டும் விருட்டென்று எழுந்து தேயிலைக்குள் போய்விடும்.

இதில் போனது வருஷங்கள். கல்யாணமாகி வந்தவள் எத்தனை நாளைக்குத்தான் கொட்டகைக்குச் சோறு கொண்டுபோவாள்? மச்சான் பெண்டாட்டி எனக்குத் தங்கச்சி முறை. வாயாடிப் பெண், சிரித்தால் பக்கத்து லயத்து வீடுகளுக்குக் கேட்கும். அந்தச் சிரிப்பு கொஞ்சங்கொஞ்சமாக நின்றதை நான் பார்த்தேன். ஒருநாள் ஈப்போவில் அம்மா வீட்டுக்குப் போனவள் அங்கேயே ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சண்டை எதுவும் போடவில்லை. "ஊரே ஒங்களப் பைத்தியம்னு சொல்லுது. அது பொய்யின்னு எனக்கு மட்டுமாச்சும் காட்டுங்க. மறுநாளே வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாளாம். அவன் அதைத் தாலி கட்டிக்கொண்டவளின் சவாலாக எடுத்துக்கொள்ளவில்லை, ஒரு வாய்தாவாக எடுத்துக்கொண்டான்.

காட்டுவதற்கு ஒரு தடை இருந்தது. இலை உருட்டும் மிஷின்களும் சல்லடைகளும் ஓடினால் கொட்டகைத் தரை அதிரும். சுவரில் புள்ளி குளிர்சுரம் வந்தவன் மாதிரி நடுங்கும். அந்த நடுக்கத்தில் எது தள்ளல், எது அதிர்வு என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை கூட இலை வாட்டும் காற்றாடிகள் சுற்றும். மொத்த ஃபேக்டரியும் மூச்சடங்குவது ஆயுத பூஜை அன்றுதான். மிஷின்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, கும்பிட்டு, அன்று முழுக்க எதையும் ஓட்டாமல் ஓய்வு கொடுப்பது அங்கே இன்னும் இருக்கிறது. கொழுந்து எடுப்பவர்கள் இப்போது வங்காளதேசத்து ஆட்கள் என்றாலும் மிஷின்காரர்கள் நம் ஆட்கள் என்பதால் துரை அதில் கைவைப்பதில்லை.

அந்த நாளைத்தான் குறித்தான். என் மனைவி குதித்தாள். "சாமி கும்புட்ட அன்னிக்கு எவனாச்சும் மிஷினத் தொடுவானாடா? ஆத்தா சும்மா விடுவாளா?" "அக்கா, அன்னிக்கு மட்டுந்தான்கா தர ஆடாது." "ஒரு பொட்டாச்சும் வைக்கிறேன் இரு." "ஐயோ, கல்லுல வைக்காதக்கா, எட மாறிரும்!" கடைசியில் கண்ணாடிப் பெட்டியின் மேல் பெரிதாக ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். தங்கச்சியை தானா ராத்தா பஸ் நிலையத்தில் நான் ஏற்றி வந்தேன். புதுச்சேலை கட்டியிருந்தாள். கொட்டகை வாசலில் மச்சான் என்னைத் தனியாக இழுத்து, "மாமா, மொத தடவ நகந்தா சந்தோசப்படாதீங்க. அப்புறம் கல்ல அப்படியே பின்பக்கமாத் திருப்பி வைப்பேன். புள்ளி எதிர்ப்பக்கம் போவணும். போனாத்தான் நெசம்" என்றான். எனக்கே விளங்கியது. மாட்டைத் திருப்பிக் கட்டினால் வண்டி திரும்பிப் போகத்தானே வேண்டும்?

மழை விட்டிருந்தது. ஃபேக்டரியில் பூஜை முடிந்து, சுண்டல் கொடுத்த ஆட்களும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். புள்ளி சுவரில் ஆணி அடித்ததுபோல நின்றது. சுவிட்சைப் போட்டான். புள்ளி அசைந்தது. இடதுபக்கம் மெல்ல ஊர்ந்து ஒரு விரல் அகலம் போய் நின்றது. "முருகா!" என்று கத்தினாள் என் மனைவி. எல்லோரும் கைதட்டினார்கள். தங்கச்சி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மச்சான் யாரையும் பார்க்கவில்லை. கரண்டை நிறுத்தி, பெட்டியைத் திறந்து, கல் அடுக்கைக் கழற்றிப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டினான். புள்ளி ஆடி ஓயும்வரை காத்திருந்து மறுபடி சுவிட்சைப் போட்டான். புள்ளி நகர்ந்தது. அதே இடதுபக்கம். அதே ஒரு விரல் அகலம்.

மறுபடியும் எல்லோரும் கைதட்டினார்கள். முன்னைவிடப் பலமாக. அந்தக் கைதட்டலை என்னால் மறக்க முடியாது. அங்கே நின்ற அத்தனை பேரில் அவனுக்கும் எனக்கும்தான் தெரியும், அவன் செத்துக்கொண்டிருக்கிறான் என்று. கல் தள்ளவில்லை. வேறு ஏதோ ஒன்று, சூடான வயரோ தளர்ந்த திருகோ, இத்தனை வருஷம் அவனை ஏமாற்றியிருக்கிறது. தங்கச்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிருங்க. நாந்தான் நம்பாமப் போயிட்டேன்" என்றாள். வாயை மூடிக்கொண்டு இருடா, பாவி, என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன். யாருக்கு நஷ்டம்? அவள் வந்துவிடுவாள். அக்கா பாயசம் வைப்பாள். ஆனால் அவன் அப்படிப் பிறக்கவில்லை. "நம்பாத. இது பொய்யி" என்றான். "நகந்துச்சே, நா பாத்தேனே." "நகந்துச்சு. ஆனா கல்லு தள்ளல."

 கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னதுதான் என் நெஞ்சை இன்றும் அறுக்கிறது. "பொய்யின்னா பொய்யாவே இருக்கட்டும். தூக்கிப் போட்டுட்டு வாங்க. நா நாளைக்கே துணிமணியோட வந்துர்றேன்." இதைவிட ஒரு மனுசிக்கு என்ன பெருந்தன்மை வேண்டும்? ஜெயித்தாலும் வருகிறாள், தோற்றாலும் வருகிறாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே, "இந்தத் தள்ளு எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்கணும்" என்றான். "கண்டுபிடிச்சு?" "அத நிப்பாட்டணும்." அவள் அவன் கையை விட்டாள். அன்று மாலை பஸ்ஸுக்கு நான்தான் திரும்பக் கொண்டுபோய் விட்டேன்.

என் மனைவி இன்றைக்கும் சொல்வது ஒன்றுதான்: பூஜை நாளில் மிஷினைத் தொட்டான், ஆத்தா குடும்பத்தைப் பிரித்துவிட்டாள். நான் மறுத்துப் பேசுவதில்லை. சாமி மேல் பழியைப் போட முடிந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எனக்கு அந்த ஆறுதலும் கிடையாது.

பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது? மற்றவர்கள் ஒன்றைக் கண்டுபிடிக்கப் பாடுபடுவார்கள். இவன் இருந்ததை ஒவ்வொன்றாக இல்லாமல் ஆக்கப் பாடுபட்டான். வயர் சூட்டில் முறுக்கிக்கொள்கிறது என்று கண்டு மயிர் போன்ற வயராக மாற்றினான். புள்ளி ஒரு விரலிலிருந்து அரைவிரலுக்கு இறங்கியது. கம்பியைக் கட்டிய இடம் அதிர்வில் வழுக்குகிறது என்று கண்டு அதை இறுக்கினான். அரைவிரல் ஒரு நெல்மணி ஆனது. ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாக வந்து சொல்வான், "கொறைஞ்சிருச்சு மாமா!" அவனும்தான் குறைந்துகொண்டிருந்தான். கன்னம் ஒட்டி, சட்டை தோளில் ஹேங்கரில் மாட்டியதுபோலத் தொங்கியது. ஃபேக்டரி வேலையை ஒழுங்காகப் பார்ப்பான், கேட்டதற்குப் பதில் சொல்வான், அவ்வளவுதான். "பொண்டாட்டியப் போயிக் கூட்டிட்டு வாடா" என்று நான் எத்தனை தடவை கத்தியிருப்பேன்! "இது முடியட்டும் மாமா" என்பான். கல்லைத் தூக்கித் தோட்டத்து ஆற்றில் எறிந்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். எறிந்தால் வேறு கல் வாங்குவான்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு என்னை மட்டும் கூப்பிட்டான். கைதட்ட ஒருவரும் இல்லை. சுவிட்சைப் போட்டான், நாய்கள் எழுந்து போயின. புள்ளி அசையவில்லை. கல்லைத் திருப்பி வைத்தான். அசையவில்லை. குறுக்காக வைத்தான். இம்மி கூட அசையவில்லை. "பாத்தீங்களா மாமா? எந்தப் பக்கமும் போவல!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான். கல்யாணத்தன்று பார்த்த முகம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அசையவே அசையாது என்று அவன் கண்ணாலேயே பார்த்துவிட்டான், இனி என்ன இருக்கிறது? எந்த மடையனும் அப்படித்தான் நினைப்பான். அங்கேயே நின்றுகொண்டு ஈப்போவுக்குப் போன் போட்டேன்.

"தங்கச்சி, அது இப்ப அசையவே இல்லம்மா" என்றேன். "விட்டுட்டாராண்ணே?" என்றாள். "பின்ன என்ன? மூஞ்சியப் பாக்கணுமே, மாப்புள்ள மாதிரி நிக்கிறான்!" அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடிய சத்தம் நின்றது. மிகவும் சின்னக் குரலில், "அப்ப நா வரவாண்ணே?" என்று கேட்டாள். அவனே பதில் சொல்லட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டுப் போனை அவன் பக்கம் நீட்டினேன்.

அவன் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தான். புதிதாக ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்து, வெள்ளைக் கற்களைத் துணியால் துடைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். "இவ்ளோ நாளும் இந்தத் தொங்குற தராசுதான் மாமா பொய் சொல்லிட்டு இருந்துச்சு. இப்பதான் சுத்தமாயிருக்கு. ஒரு துளி தள்ளுனாலும் இனிமே காட்டிக்குடுத்துரும்" என்றான். "இனிமேதான் லா நாம தேடவே ஆரம்பிக்கப் போறோம்."

"டேய், அவ லைன்ல இருக்காடா" என்றேன். கை அப்படியே நின்றது. திரும்பிப் போனைப் பார்த்தான். கையிலிருந்த கல்லை மட்டும் கீழே வைக்கவில்லை.

"கேட்டுச்சுண்ணே" என்றாள் தங்கச்சி. "அவர நேரத்துக்குச் சாப்புடச் சொல்லுங்க."

வைத்துவிட்டாள்.