தாஜ் நிஷா போகாத ஆட்டங்கள்

அமெரிக்காவின் இர்விங்கில் தாஜ் நிஷா வீட்டு மாடியறை, வருஷத்தில் ஒரு வாரம் ஓர் இத்தாலிக்காரிக்குச் சொந்தம். பெயர் ஒர்னெல்லா. தாஜ் நிஷாவின் வாயில் நெல்லா. டென்னிஸ்தான் பிழைப்பு. உடனே டிவியில் வருகிறவர்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். நெல்லா ஆடுவதெல்லாம் ஊர் ஊராக நடக்கும் சின்னப் போட்டிகள்; கிடைக்கும் பரிசு ஓட்டல் வாடகைக்கே காணாது. அதனால் உள்ளூர்க் குடும்பங்கள் இப்படிப்பட்டவர்களைத் தங்க வைத்துக்கொள்ளும். மகள் ரிதா டென்னிஸ் பழகும் கிளப்பில் கேட்டதும் தாஜ் நிஷா தலையாட்டிவிட்டாள். அதிராம்பட்டினத்துக்காரி, விருந்தாளி என்றால் தலைகீழாக நிற்பாள்.

வந்த வருஷமே அந்தப் பெண் மனசில் ஒட்டிக்கொண்டாள். ஆனாலும் ஓர் ஆட்டத்தைக்கூடத் தாஜ் நிஷா போய்ப் பார்த்ததில்லை. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. அதுவும் தன் கண்ணே பட்டுவிட்டால்? யாராவது விசாரித்தால், "ஏதோ ஆடுது, சுமார்தான்" என்று மழுப்புவாள். பெற்ற மகளைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில்தான்.

இந்த வருஷம் நெல்லா முழங்காலில் கட்டோடு வந்தாள். வயது முப்பத்திரண்டு. இத்தோடு விட்டுவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாள். அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு விஷாகா வந்தாள்.

"இந்தப் பொண்ணு நல்லா ஆடுமா?"

"ஏதோ ஆடுது, சுமார்தான்."

என்ன பேசுகிறார்கள் என்று நெல்லா கேட்க, ரிதா போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "உம்மா சேஸ் யூ ஆர் ஜஸ்ட் ஓகே" என்று சொல்லித் தொலைத்தாள். நெல்லா சிரித்தாள். தட்டை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

"அடிப்பாவி, ஏன்டி அப்படி சொன்னே?"

"தட்ஸ் வாட் யூ ஆல்வேஸ் சே, உம்மா. என்னையும்தான்."

தாஜ் நிஷாவுக்குச் சுருக்கென்றது. பிள்ளை இதைக் கேட்டேதான் வளர்ந்திருக்கிறது.

மறுநாள் காலை மகளையும் கூட்டிக்கொண்டு கிளப்புக்குக் கார் ஓட்டினாள். கோர்ட்டைச் சுற்றி, ஒரு வெள்ளைக்காரக் கிழவரைத் தவிர, பெஞ்சுகளெல்லாம் காலி. அவளைக் கண்டதும் நெல்லா நம்பாமல் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். கடைசி செட் முடியும் தறுவாயில் அந்தக் கிழவர், "இவள் நன்றாக ஆடுவாளா?" என்று கேட்டார். தாஜ் நிஷா எழுந்தே நின்றுவிட்டாள்.

"ஷீ இஸ் தி பெஸ்ட்! எங்க நெல்லா மாதிரி ஒருத்தி கிடையாது!"

சொல்லி வாய் மூடவில்லை, நெல்லாவின் இரண்டு சர்வீசும் வலையில் விழுந்தன. அதோடு ஆட்டமும் போயிற்று.

"மாஷா அல்லாஹ் சொல்ல மறந்துட்டேனே! என் கண்ணே பட்டுடுச்சே!" என்று தாஜ் நிஷா கிளப் வாசலில் நின்று அழுதாள். பாராட்டும்போது மாஷா அல்லாஹ் சொல்லாவிட்டால் கண் பட்டுவிடும் என்ற நம்பிக்கையையும், இத்தனை வருஷம் 'சுமார்' என்று சொன்ன காரணத்தையும் இந்தத் தடவை ரிதா நிதானமாக நெல்லாவுக்கு எடுத்துச் சொன்னாள்.

நெல்லா வியர்வையோடு தாஜ் நிஷாவைக் கட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: "பதினாலு வருஷமா காலி பெஞ்சுக்கு முன்னாலதான் ஆடறேன், தாஜ். என்மேல ஒரு கண்ணும் பட்டதில்லை. அடுத்த வருஷமும் வந்து உட்காரு."