மூவாயிரம் குளவிக்காரி

"எனக்கு மூவாயிரம் குளவி கொட்டுச்சுங்க" என்று வேலாயி ஆரம்பிக்கும்போது, அக்கரப்பத்தனை பஸ் முதல் வளைவைக்கூடத் தாண்டியிருக்காது. பக்கத்து இருக்கைக்காரர் வாயைப் பிளந்ததும் தானே ஒப்புக்கொள்வாள்: "கொஞ்சம் கூட்டித்தான் சொல்றேன். கொறச்சுச் சொன்னா நீங்க எறங்குற வரைக்கும் கேப்பீங்களா?" ஆள் நல்லவராகத் தெரிந்தால் ஆயிரத்தைத் தள்ளுபடி செய்வதும் உண்டு.

வயது நாற்பத்தைந்தைத் தொட்டிருக்கும். கேட்டால் முப்பத்தெட்டிலேயே நிற்பாள். பிளேன்டீயில் சீனியைக் கரைக்க மாட்டாள். உள்ளங்கையில் கொட்டிவைத்துக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மிடறு. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளும்போதும் வாய் ஓயாது. கைக்கும் வாய்க்கும் பந்தயம் வைத்தால் கைதான் தோற்கும் என்பது கங்காணியின் தீர்ப்பு.

எண்ணிக்கைதான் புளுகு, குளவி மெய். ஆறாம் நம்பர் மலையில், டர்பன்டைன் மரத்துக் கூடு கலைந்த அன்று, பூசணிக்காயாய் வீங்கிய கழுத்தோடு அவளை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வீக்கம் வடிந்து வீடு வந்தாள். ஆனால் அதற்குப் பிறகு எங்கேயாவது ஓர் ஆட்டோ ரீங்கரித்துக்கொண்டு மேடேறினால் போதும், நின்ற இடத்திலேயே மரமாகிவிடுவாள். கழுத்து தோளுக்குள் புதையும்; கால் பெயராது; கண் மட்டும் உருளும். கோடாங்கி பார்த்துக் கறுப்புக் கயிறு கட்டினார்கள். கயிறு இற்று விழுந்தது, பயம் விழவில்லை.

மலைக்கு ஏற முடியாதவளை, கொழுந்துக்காரிகள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவைக் கூட்டப் போட்டார்கள். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவும் பொறுத்துப் பார்த்தார். மாசக் கடைசிக்குள் வராவிட்டால் அவளுடைய நிரையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியனுப்பினார். நிரை என்றால் வெறும் தேயிலை வரிசை அல்ல. வேலாயியின் நிரைக்குப் பக்கத்து நிரை காளியாயியுடையது. மாமியார் கொடுமை முதல் மகளின் கல்யாணம் வரை இருவரும் அந்தச் செடிகளுக்கு மேலேதான் பேசித் தீர்த்திருக்கிறார்கள். அன்று குளவி காளியாயியையும் விடவில்லை. ஆனால் அவள் பத்தே நாளில் மலையேறிவிட்டாள். வேலாயியோ தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவளைக் கண்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போனாள்.

இந்த நிலையில்தான் தலவாக்கலை கிளினிக்கில் மதுராவிடம் போய்ச் சேர்ந்தாள். மதுரா யாழ்ப்பாணத்துப் பெண். மனசு நொந்தவர்களுக்கு உடம்பின் வழியாக வைத்தியம் செய்கிறவள். வேலாயி மூவாயிரத்தில் தொடங்கினாள். மதுரா சிரித்தாள்.

"கதையை ஆறுதலாச் சொல்லலாம் அக்கா. இப்ப உங்கட கால் ரெண்டும் எங்க இருக்குது?"

வேலாயி குனிந்து பார்த்தாள். "இருக்குங்க மிஸ். ரெண்டும் இருக்கு."

"நிலத்தில ஊண்டிப் பாருங்கோ. நிலம் உங்களைத் தாங்குதோ?"

நிலம் தாங்குகிறதா என்று ஒரு மனுஷி சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்பதை வேலாயி லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அடுத்த வாரமும் போனாள். அதற்குக் காரணம் வேறு. தோளில் கைவைக்கும் முன் மதுரா ஒவ்வொரு முறையும் "தொடட்டோ?" என்று கேட்டாள். வேண்டாம் என்றால் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் முதுகிலிருக்கும் கூடையைக்கூடக் கேட்காமல் பிடுங்குகிறவர்களைத்தான் வேலாயிக்குத் தெரியும். வெறுமனே கேட்கவைத்துப் பார்க்கும் ஆசையில் இரண்டு தடவை வேண்டாம் என்றுகூடச் சொன்னாள்.

ஒருநாள் மதுரா, குளவி வந்த நேரம் அவள் காலுக்கு என்ன செய்ய வேண்டும்போல இருந்தது என்று கேட்டாள்.

"ஓடத்தான். ஆனா ஓடப்படாதே மிஸ். படு, படங்கப் போத்திக்க, அசையாதன்னுதான் சொல்லிக்குடுத்திருக்காங்க." படங்கு என்பது செடி கிழிக்காமலிருக்கக் கொழுந்துக்காரிகள் இடுப்பில் கட்டும் தடித்த விரிப்பு. பிறகு, யாரிடமும் சொல்லாததைத் தணிந்த குரலில் சொன்னாள்: "பக்கத்துல காளியாயி கத்துனா. நான் மரக்கட்டையாட்டம் கெடந்தேன். எந்திரிக்கல."

மதுரா அவள் காலைப் பார்த்தாள். "அந்தக் கால் இன்னும் ஓடி முடிக்கேல்லை. இப்ப ஓடவிடுவம். மெல்லமா" என்றாள். கதிரையில் உட்கார்ந்தபடியே ஓட்டம். வலது கால் நிலத்தை அழுத்த, பிறகு இடது கால், நத்தைக்கும் கொட்டாவி வரும் வேகத்தில். நாலாவது அழுத்தில் தொடை நடுங்கத் தொடங்கியது. "நடுங்கட்டும் அக்கா, தடுக்காதேங்கோ" என்றாள் மதுரா. நடுங்கி முடிந்ததும் வேலாயிக்கு ஒரு பெருமூச்சு வந்தது. அந்தக் காற்றில் கிளினிக்கின் ஜன்னல் சீலை பறந்ததாக அவள் சொல்கிறாள். அதிலும் கொஞ்சம் தள்ளுபடி உண்டு.

அன்றிலிருந்து பஸ்ஸிலும் பிள்ளைக் காம்பரா வாசலிலும் உட்கார்ந்த இடத்திலேயே ஓடினாள். கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில், தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு ஆறாம் நம்பர் மலைக்கு ஏறினாள்.

காளியாயி தன் நிரையில் நகர்ந்து இடம் விட்டாள். அரைக் கூடை நிறைந்திருக்கும். கீழே யாரோ புல்வெட்டும் மெஷினை முடுக்கினார்கள். அந்த இரைச்சலில் வேலாயியின் கழுத்து உள்ளே புதைந்தது. பெண்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள். வேலாயி காலை மண்ணில் ஊன்றினாள். வலது, இடது. "ஓடணும்னா ஓடித் தொலை" என்று காலுக்கு உத்தரவு கொடுத்தாள். கால் ஓடியது. கூடை முதுகில் குதிக்க, கொழுந்து சிதற, சரிவில் ஒரே ஓட்டம். பிறகு நின்றாள், மூச்சு வாங்கினாள், சிதறிய கொழுந்தைப் பொறுக்கியபடி தன் காலாலேயே திரும்பி ஏறி வந்தாள். மெஷின் இன்னும் இரைந்துகொண்டுதான் இருந்தது.

தேத்தண்ணி நேரத்தில் கதை தயாராகிவிட்டது. உள்ளங்கையில் சீனியோடு உட்கார்ந்து, தலவாக்கலை ஸ்டேஷன் வரை ஓடி ரயிலுக்குக் கைகாட்டிவிட்டு வந்ததாக அளந்தாள்.

"அந்தக் கல்லு வரைக்கும்தான் ஓடுன" என்றாள் காளியாயி.

"சரிடி, கல்லு வரைக்கும். அன்னைக்கு அதுவும் இல்லையே. மரக்கட்டையாட்டம் கெடந்தேன்ல."

காளியாயி கோப்பையைக் கீழே வைத்தாள். "யாருடி கெடந்தது? என் படங்கு செடியில மாட்டிக்கிச்சு. நீ ஒன் படங்க அவுத்து என் மேல போட்டுட்டுத்தான் குப்புற விழுந்த. போத்திக்கிட்டுக் கெடந்தவளுக்கு எப்படிடி கழுத்தெல்லாம் கொட்டும்? எல்லாத்தையும் கூட்டிச் சொல்றவ, இத எப்பவோ ஊரெல்லாம் சொல்லிருப்பன்னுல்ல நெனச்சேன்."

வேலாயிக்கு அது நினைவிலேயே இருக்கவில்லை. அவள் கழுத்தில் எந்தெந்த இடத்தில் கொட்டியது என்று காட்டக் காளியாயி கையை நீட்டினாள்.

"கேட்டுட்டுத் தொடு" என்றாள் வேலாயி. காளியாயி கேட்பதற்குள், தலைத்துண்டை விலக்கிக் கழுத்தைக் குனிந்து கொடுத்திருந்தாள்.